குற்றாலத்தில் வழிகாட்டி இல்லாமல் மரம் பார்த்து நடக்க முடியுமா?

தாராளமாக. பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். தலமரம் பலா. சம்பந்தர் ‘குறும்பலா’ என்று தனிப் பதிகமே பாடியிருக்கிறார்.

அப்புறம் சிற்றாற்றோரம் மருத மரம் தேடுங்கள். வெளிறிய வழவழப்பான பட்டை, செதில் செதிலாக உரிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் உதிர்ந்து கிடக்கும் காயை எடுத்துப் பாருங்கள்: நீளவாக்கில் ஐந்து இறக்கை இருந்தால் மருதுதான். இலையின் அடியில், காம்போடு சேரும் இடத்தில், இரண்டு சிறு சுரப்பிகளும் தெரியும். பட்டையை மட்டும் நம்பாதீர்கள்.

ஐந்தருவிக்கு மேலே தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. ஏற்றம்தான், ஆனால் போகலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல்; ஊர் அழகுதான், கூட்டமும் அப்படியே. விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள். பழப்பையைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், குரங்குகள் விடாது.