வலைப்பந்தை நம்பி மெல்பேர்ண் வரலாமா?

திருக்கோவில் தங்கச்சிக்கு,

மாவட்ட அணியில் கோல் அட்டாக், அதாவது வளையத்துக்கு எறிகிற இடத்தில், ஆடியிருக்கிறீர்கள், மெல்பேர்ணில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வலைப்பந்தையே தொழிலாக எடுக்கலாமா, சம்பளம் எவ்வளவு, வாடகை எப்படி, குளிருக்கு என்ன கொண்டுபோவது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில்தான் எனக்குப் பக்கென்றது. கிளப் எடுத்துத் தர ஒரு அண்ணன் மூன்று லட்சம் கேட்கிறாராம்.

ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். அங்கே சாதாரண கிளப்பில் சேர யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. பருவம் தொடங்க முன் தெரிவுக்கு வரச் சொல்லி அறிவித்தல் போடுவார்கள். போய் ஓடிக் காட்டுவதுதான் வேலை. சேர்ந்த பிறகு கிளப் உங்களுக்குக் காசு தராது, நீங்கள்தான் சந்தாவும் சீருடைக் காசும் கட்ட வேண்டும். சந்தாவோடு விளையாட்டுக் காயக் காப்புறுதியும் சேர்ந்து வருகிறதா என்று கட்ட முன் கேளுங்கள். இதைச் சொல்லித் தர எனக்கு ஆள் இருக்கவில்லை. 2009 ஜூனில் நான் போய் இறங்கியபோது, ‘நம்மட ஊர்ப் பிள்ளை’ என்று கூட்டிப்போன ஒரு குடும்பம் விறாந்தையில் மெத்தை போட்டுத் தந்து, முழு அறைக்கான வாடகையை வாங்கியது. சனிக்கிழமை விளையாடப் போனால் அவர்களுடைய பிள்ளைகளை யார் பார்ப்பது என்று வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரர் என்னை ஏமாற்றியதை விட நம்மட ஆட்கள் ஏமாற்றியதுதான் அதிகம். எல்லாரும் அப்படி இல்லை, சரி. ஆனாலும் எழுத்தில் இல்லாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

இனித் தொழில். அவுஸ்திரேலியாவின் தொழில்முறை வலைப்பந்து லீக்கான சூப்பர் நெட்போல் 2017 இல் தொடங்கியது. எட்டு அணி, அணிக்குப் பத்துப் பேர். கூட்டிப் பாருங்கள், முழு நாட்டுக்கும் எண்பது இடம். வெளிநாட்டில் இருந்து எடுப்பதென்றால் ஜமேக்காவின் ஜானியல் ஃபவுலர் மாதிரி ஆறரை அடி உயரத்தில் நின்று எறிகிறவர்களைத்தான் தேடுவார்கள். அந்த எண்பது பேருக்கும் நிம்மதி இல்லை. 2023 இல் ஒப்பந்தத் தகராறு இழுபட்டபோது வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தார்கள். அதே வருடம் கொலிங்வூட் கிளப் தன் அணியையே மூடிவிட்டது. அதற்குக் கீழே மாநில லீக்கில் ஆடுகிறவர்கள் பகலில் ஆசிரியையாக, தாதியாக வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். நம் நாட்டில் வங்கியும் முப்படையும் ஆட்டக்காரிகளுக்கு வேலை கொடுத்து வைத்திருக்கிற மாதிரி அங்கே இல்லை.

நம் தேசிய அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் போகவில்லையா என்பீர்கள். போனார், விக்டோரியா மாநில லீக்கில் சிற்றி வெஸ்ட் ஃபல்கன்ஸ் அணிக்கு ஆடினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான், ஆனால் படித்தது வந்தாறுமூலையில், நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தில். அதனால் பாதி உரிமை எங்களுக்கும் உண்டு என்று நான் மெல்பேர்ணில் சண்டையே பிடித்திருக்கிறேன். அவர் 2 மீற்றர் 8 சென்ரிமீற்றர் உயரம். வளையம் இருப்பது 3.05 மீற்றரில். 2009, 2018, 2022 ஆசியக் கிண்ணங்களை வென்ற அணிகளில் அவர் இருந்தார். உங்கள் உயரம் ஐந்தடி நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலும் ஒரு அங்குலம் குறைவு, அதனால் கோபிக்காமல் கேளுங்கள்.

விளையாட்டைக் காட்டி விசா எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2004 இல் இலங்கைக் கைப்பந்து (ஹேண்ட்போல்) அணி என்று சொல்லி 23 பேர் ஜேர்மனிக்குப் போய்க் காணாமல் போனார்கள். அப்படி ஒரு தேசிய அணியே நம்மிடம் இருக்கவில்லை. இன்றைக்கும் இலங்கைக் கடவுச்சீட்டோடு சப்பாத்துப் பையைக் காட்டினால் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது உங்கள் முழங்காலைப் பற்றி. நான் பழகியது களுதாவளை மணலில், வெறுங்காலோடு. தென்னங்குற்றிதான் கம்பம். வளையத்தை வெல்டிங் கடையில் வளைத்துத் தந்தார்கள், மாமா பழைய மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார், உண்மையான வலைப்பந்து! மணல் இறங்குகிற காலைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் சறுக்கியும் விடும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தபடி ஓட முடியாது, இறங்கிய காலிலேயே நின்று மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும். அதே வேகத்தோடு தார்க் கோர்ட்டில் இறங்கினால் சப்பாத்து அப்படியே பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. மூன்றாவது ஆட்டத்தில் எனக்கு ‘டொக்’ என்று கேட்டது. முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல் என்கிற சவ்வு போய்விட்டது. பத்து மாதம் ஓடவில்லை. சாதாரண மாணவர் காப்புறுதி பிசியோதெரபிக்குப் பொதுவாகக் காசு தராது. படியேற முடியாமல், நின்று செய்கிற வேலையும் போய், அம்மாவுக்கு ‘நல்லாத்தான் இருக்கன்’ என்று போன் எடுத்த நாட்கள் அவை.

அதற்கு முதல் வாரம் இன்னொரு கூத்து. ஆட்டம் தொடங்க முன் மத்தியஸ்தர் எல்லாருடைய நகத்தையும் தடவிப் பார்ப்பார், நகை ஒன்றும் போடக்கூடாது. காது குத்திய நாளில் இருந்து கழற்றாத என் தோட்டைக் காட்டிக் கழற்று என்றார். சுரை இறுகிப்போய்க் கிடந்தது. குளிரில் விரல் விறைத்து, கழிப்பறையில் சவர்க்காரம் பூசி, இழுத்து, இரத்தமும் வந்து, மறுகா ஒரு வழியாகக் கழன்றது. ஊரில் இருக்கும்போதே கழற்றிப் பழகுங்கள். இப்போது நானே மத்தியஸ்தர், சனிக்கிழமைகளில் நான்தான் நகம் பார்க்கிறேன். குட்டைப் பாவாடையோடு விசில் ஊதுகிறேன் என்று கோயிலில் என்னைக் கதைத்த ஐயாவின் பேத்தி இப்போது என் அணியில் சென்டர்.

ஆகவே படிக்கப் போங்கள், பக்கத்தில் விளையாடுங்கள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கிற நாட்களில் வேலை செய்ய விடுவது இரண்டு வாரத்துக்கு 48 மணித்தியாலம், அது போகப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கலாம். நடுவர் பரீட்சையும் பயிற்றுநர் பரீட்சையும் எழுதினால் கைச்செலவுக்கு ஏதோ வரும். வாடகை, குளிர்ச்சட்டை பற்றி யூடியூப்பில் ஆயிரம் பேர் கத்துகிறார்கள், அங்கே பாருங்கள்.

நான் தைப்பொங்கல் முடியும் வரை களுதாவளையில் அம்மாவோடுதான் நிற்கிறேன். இந்த மாரி விட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் பஸ் ஏறி வாருங்கள். சப்பாத்தையும் கொண்டுவாருங்கள், நீங்கள் எந்தக் காலில் இறங்குகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.