பழைய எஃகு மிதிவண்டி: பெயிண்ட் முதலிலா, சக்கரம் முதலிலா?

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "1970களில் தாத்தா வாங்கிய 10 கியர் ராலே மிதிவண்டி 15 ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கிறது. கடைக்காரர் முதலில் பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார். இதைச் சரிசெய்து தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை மலைப்பாதையில் ஓட்ட முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் பெயிண்டைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பிரேமின் உண்மை நிலையைக் காட்டிக்கொடுப்பது பழைய பெயிண்ட்தான். மேல்குழாயும் கீழ்க்குழாயும் கைப்பிடிக்கு அடியிலுள்ள தலைக்குழாயோடு சேரும் இடங்களில், குழாய்களின் அடிப்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கே சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால், வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது என்று பொருள். அதைத் தாத்தாவின் நினைவாகச் சுவரில் மாட்டலாம், மலையில் இறக்கக் கூடாது. மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும் துருவுக்கு அஞ்ச வேண்டாம். கடற்காற்று வீசும் நம் ஊரில் குழாய்க்குள் இறங்கிய ஈரம் பெடல் அச்சுக் கூட்டில்தான் தேங்கும் என்பதால், அச்சைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம்.

பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின்னைக் கழற்றுவதில்தான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, நட்டைப் பின்னின் முனை மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயொன்றைத் தரையோடு முட்டுக்கொடுத்த பின்பே ஓங்கி ஓர் அடி கொடுக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ரஸ் குண்டுகளின் மேல் விழும். அந்தக் குண்டுகள் உருளும் அச்சுக் கிண்ணங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மற்ற இங்கிலாந்து வண்டிகளில் அங்குலத்துக்கு 24 மரை இருக்க, ராலே நிறுவனம் தன் நாட்டிங்ஹாம் வண்டிகளுக்கு 26 மரை வைத்தது. ஆகவே கடையில் கிடைக்கும் புதிய அச்சு பொருந்தாமல் போகலாம். பக்கத்துக்குக் கால் அங்குல அளவுள்ள 11 குண்டுகளும் புது கிரீஸுமே பெரும்பாலும் போதும்.

இனிச் சக்கரம், பணத்தை இங்கேதான் செலவிட வேண்டும். அக்கால 10 கியர் வண்டிகள் பலவற்றில் குரோம் பூசிய எஃகு ரிம்தான் இருக்கும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் எஃகு. மழையில் நனைந்த குரோமில் பிரேக் கட்டை வழுக்குமே தவிரப் பிடிக்காது. பினாங்கில் மழை எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? சக்கரத்தின் நடுவிலுள்ள பழைய ஹப்பிலேயே அலுமினிய ரிம்மைக் கோக்கச் சொல்லுங்கள், ஆனால் வாங்குமுன் ஸ்போக் கம்பித் துளைகளை எண்ணிக்கொள்ளுங்கள்: பழைய இங்கிலாந்து வண்டிகள் சிலவற்றில் முன்னே 32, பின்னே 40 என்று இருக்கும். இத்தகைய பழைய வண்டிகளில் வரும் 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மில்லிமீட்டர். இன்று எளிதில் கிடைக்கும் 700சி என்ற அளவு ரிம்முக்கு 622. இதைப் போட்டால் பிரேக் கட்டைகளை 4 மில்லிமீட்டர் கீழே இறக்க வேண்டியிருக்கும். கட்டையைத் தாங்கும் பிரேக் கரத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலிலேயே அளந்துவிடுங்கள். பிரேக் கம்பிகளும் கட்டைகளும் புதியவையாகவே இருக்கட்டும்.

வண்டி தயாரானதும் உடனே மலையேற வேண்டாம். புதிதாகக் கோத்த கம்பிகள் முதல் சில நாள்களில் தளரும். சமதளத்தில் ஓட்டிவிட்டு, சக்கரத்தை மறுபடி கடைக்குக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்த பின் தெலுக் பஹாங்குக்குப் புறப்படுங்கள்.