ப்ராஜெக்ட் வேறு, டேட்டா வேறு: மேப் கோப்புகள் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கோப்பை அடுத்தவருக்கு அனுப்பியதும் நடந்த கோளாறுகள் பற்றியவை. எல்லாமே க்யூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுடையவை என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: என் ப்ராஜெக்ட்டை (.கியூஜிஇசட்) வழிகாட்டிக்கு மெயில் செய்தேன். அவர் திறந்தால் வெற்றுத் திரைதான் வருகிறது. வெர்ஷன் பிரச்சினையா? (ஆய்வு மாணவி, வேலூர்)

வெர்ஷன் மேல் பழி போடாதீர்கள். அனுப்பும் முன் கோப்பின் அளவைப் பார்த்தீர்களா? சில நூறு கேபிதான் இருந்திருக்கும். உங்கள் சாட்டிலைட் படம் மட்டுமே பல நூறு எம்பி இருக்குமே, அது எப்படி உள்ளே போயிருக்கும்? ப்ராஜெக்ட் வேறு, டேட்டா வேறு. எந்த லேயர் (மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தரவு) எங்கே இருக்கிறது, என்ன நிறம், என்ன லேபிள் என்ற குறிப்புகள்தான் ப்ராஜெக்ட்டில் இருக்கும். எல்லா லேயர்களையும் ப்ராஜெக்ட்டோடு ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபோல்டரையே ஜிப் செய்து அனுப்புங்கள்.

கேள்வி: பென் டிரைவை வேறு கணினியில் செருகினால் லேயர்கள் காணாமல் போகின்றன. (மதுரை)

ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பகுதிக்குப் போய், லேயர்களின் பாதையை ‘ரிலேட்டிவ்’ (ப்ராஜெக்ட் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது) என்று மாற்றிச் சேமியுங்கள். டேட்டாவும் அதே பென் டிரைவில் இருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

கேள்வி: கிராமப் பெயர்களைத் தமிழில் இட்டு ஷேப்ஃபைலாக நண்பருக்கு அனுப்பினேன். அவரிடம் குப்பை எழுத்தாக வருகிறது. ஆங்கிலத்திலேயே வைத்துவிடலாமா? (செய்யாறு)

வைக்காதீர்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் எழுதியது சரி. அதைப் போட்டு வைத்த பாத்திரம்தான் சரியில்லை.

ஷேப்ஃபைல் 1990களில் வந்த மேப் தரவு வடிவம். அதில் ஃபீல்டு (அட்டவணையின் பத்தி) பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் எழுத்து முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகள். ‘கிராமம்’ என்று ஃபீல்டுக்குப் பெயர் வைத்தால் 21 பைட் ஆகிறது, ‘கிர’வுக்கு மேல் இடமில்லை. உள்ளே எழுதுவதற்கும் இதே கதிதான். ‘செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்’ என்பது 100 பைட்டைத் தாண்டுகிறது. புது ஃபீல்டு சேர்க்கும்போது வழக்கமாக விடும் 80 அகலத்தில் அது அடங்காது. ஒரு கணக்கெடுப்பில் எங்களுக்கே இப்படி ஊர்ப் பெயர்களின் வால் வெட்டுப்பட்டு, கள நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம். அந்த ஒரு வாரம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், உங்கள் குப்பை எழுத்து. ஷேப்ஃபைல் ஒற்றைக் கோப்பு அல்ல, ஒரு குடும்பம். .எஸ்எச்பி, .எஸ்எச்எக்ஸ், .டிபிஎஃப் மூன்றும் கட்டாயம். கூடவே ஆயத்தொலை முறையைச் சொல்ல .பிஆர்ஜே, எழுத்து வகையைச் சொல்ல .சிபிஜி. நீங்கள் .சிபிஜியை விட்டுவிட்டு அனுப்பியிருப்பீர்கள். உடனடித் தீர்வாக, நண்பரை லேயர் ப்ராப்பர்ட்டீஸின் சோர்ஸ் பகுதியில் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கச் சொல்லுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஜியோபேக்கேஜ். 2014இல் தரமாக்கப்பட்ட வடிவம். ஒரே கோப்பில் பல லேயர், ஸ்டைல், வேண்டுமானால் ப்ராஜெக்ட்டையே உள்ளே சேமிக்கலாம். ஃபீல்டு பெயரை முழுத் தமிழில் வைக்கலாம், எதுவும் வெட்டுப்படாது. இத்தனை வருடமாக இது இலவசமாகக் கையில் இருந்தும் பயிற்சி வகுப்புகளில் இன்னும் ஷேப்ஃபைலையே முதல் பாடமாக நடத்துகிறார்கள். தமிழில் தரவு எழுத நினைக்கிறவர் முதல் நாளே தோற்றுப்போவது இதனால்தான்.

கேள்வி: கோவைக் குழு தந்த லேயர் வங்கக் கடலில் போய் விழுகிறது. கரூர்க் குழுவுடையது சரியாக இருக்கிறது. (கரூர்)

யூடிஎம் என்பது பூமியை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரிக்கும் ஆயத்தொலை முறை. நம் பகுதியில் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே பட்டை 43, கிழக்கே 44. கோவை 43இல், கரூர் 44இல். கோவை லேயர் .பிஆர்ஜே இல்லாமல் வந்திருக்கும், நீங்கள் அதற்கு 44 கொடுத்திருப்பீர்கள். முதலில் 43 என்று சரியாக அடையாளம் சொல்லுங்கள், பிறகு 44க்கு ரீப்ராஜெக்ட் (ஆயத்தொலைகளையே மாற்றிக் கணக்கிடுவது) செய்யுங்கள். முகவரிச் சீட்டை மாற்றி ஒட்டுவதும் வீடு மாறுவதும் ஒன்றல்ல.

கேள்வி: நான்கு பேர் ஊர் மரங்களைக் கணக்கெடுக்கிறோம். ஜியோபேக்கேஜை கூகுள் டிரைவில் வைத்து எல்லோரும் எடிட் செய்யலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. ஜியோபேக்கேஜ் திறந்திருக்கும்போது பக்கத்தில் ‘-வால்’ (-wal) என்று முடியும் ஒரு கோப்பு உருவாகும். புது எடிட்கள் முதலில் அதில்தான் இருக்கும். டிரைவ் ஒன்றை ஏற்றி மற்றதை விட்டால் உங்கள் மரங்கள் போயின. போனில் க்யூஃபீல்டு, ஒருங்கிணைக்க க்யூஃபீல்டுகிளவுட், அல்லது மெர்ஜின் மேப்ஸ் பாருங்கள். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதானால் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற சர்வர் தரவுத்தளம்.

கேள்வி: போஸ்ட்ஜிஐஎஸ் இணைப்புள்ள ப்ராஜெக்ட்டை வெளியாருக்குத் தரலாமா? (சென்னை)

பாஸ்வேர்டை இணைப்பிலேயே சேமித்திருந்தால் தராதீர்கள். .கியூஜிஇசட்டை அன்ஜிப் செய்து உள்ளே இருக்கும் .கியூஜிஎஸ்ஸை நோட்பேடில் திறந்தால் பாஸ்வேர்ட் அப்படியே தெரியும். தேவையான லேயர்களை ஜியோபேக்கேஜாக எடுத்துக் கொடுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: ப்ராஜெக்ட் வேறு, டேட்டா வேறு.

கேள்வி: தவறுதலாகப் பழைய ப்ராஜெக்ட் மேலேயே சேமித்துவிட்டேன்! (ஊர் எழுதவில்லை)

அதே ஃபோல்டரில் அதே பெயரோடு, கடைசியில் அலைக்குறி (~) போட்ட கோப்பு இருக்கும். அதுதான் முந்தைய பிரதி. மறுபடி சேமிப்பதற்கு முன் அதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, அலைக்குறியை நீக்கித் திறந்து பாருங்கள்.