இராணுவத்தில் இருக்கும் தம்பி உண்மையைச் சொல்லிவிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு இராணுவத்தில் 11 ஆண்டு சர்வீஸ், இப்போது நாயக் ரேங்க். தான் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். தன்பாலுறவு குற்றமில்லை என்று 2018இல் தீர்ப்பு வந்துவிட்டதே, யூனிட்டில் வெளிப்படையாகச் சொல்லலாமா? அதே கன்டோன்மென்ட்டில் எழுத்தராக இருக்கும் சிவிலியன் நண்பர் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். ஊரில் ஒருவர், மூன்று லட்சம் கொடுத்தால் மெடிக்கல் போர்டு மூலம் பென்ஷனோடு வெளியே எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்.
வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த மூன்று லட்சம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் போர்டு என்பது இராணுவ மருத்துவர்கள் எடுக்கும் முடிவு; அதில் ஊர்த் தரகருக்கு வேலையே இல்லை. இவர்கள் பையனை மனநோயாளி என்று சொல்லவைப்பார்கள். அந்தக் காகிதம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். இரகசியம் கையில் கிடைத்தபின் பணம் கேட்பதும் நிற்காது. தன்பாலீர்ப்பு நோயே அல்ல. அதை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'க்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இலேயே உத்தரவு போட்டிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. இப்போது சொல்ல வேண்டாம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பொதுச் சட்டமான அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைப் பற்றி. உங்கள் தம்பி 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் கீழ் இருக்கிறார். அதன் 46ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஒருவரின் இயல்பு அதில் குற்றமில்லை. ஆனால் இயல்பை நடத்தையாக எழுதிவிட அதிக நேரம் ஆகாது. 2019 ஜனவரியில் அன்றைய தலைமைத் தளபதி பிபின் ராவத், இராணுவத்தில் இதற்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பிரிட்டன் 2000இலும் அமெரிக்கா 2011இலும் தடையை நீக்கித் தீர்த்துவிட்ட விஷயம் இது. எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு ஒரு தெளிவான பதில் சொல்ல இங்கே யாருக்கும் நேரமில்லை.

நண்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர் சிவிலியன். பாதுகாப்புத் துறையில் சம்பளம் வாங்கினாலும் அவருக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள்தான். கோர்ட் மார்ஷல் எனும் இராணுவ நீதிமன்ற விசாரணை கிடையாது. ஒரே வளாகம், ஒரே கேன்டீன் என்பதால் ஒரே சட்டம் ஆகிவிடாது. அதே சிவிலியன், போர்க்காலப் பணியில் இருக்கும் படையோடு போனால் இராணுவச் சட்டம் அவரையும் பிடிக்கும். திரும்பி வந்தால் விடும். சிவிலியனாக வேலை செய்யும் எழுத்தர், ஸ்டோர் கீப்பர், சமையல்காரர் எல்லோருக்கும் இதேதான். சீருடைக்காரருக்கு அந்த வாசல் இல்லை.

ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு வேண்டும். தம்பிக்கு இன்னும் நான்கு. அதற்குள் யாராவது கூப்பிட்டு, "எழுதிக் கொடு, சுலபமாக முடித்துவிடுகிறேன்" என்றால் எழுதக் கூடாது. அன்பாகப் பேசும் சுபேதார் சாப் கேட்டாலும் கூடாது. நான் பார்த்த வழக்குகளில் பையன்களைக் கவிழ்த்தது அந்த ஒற்றைத் தாள்தான். விசாரணை நற்பெயரைத் தொட்டால், இராணுவ விதி 180இன்படி முழு நேரமும் உடனிருக்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். பணியிலிருந்து விடுவிக்கும் டிஸ்சார்ஜ் ஆணை வந்தால், முறையீடுகளை முடித்துவிட்டு, இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. நோட்டீஸ் எது வந்தாலும் உறையோடு பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தரகர் அனுப்பிய செய்திகளையும் அழிக்க வேண்டாம்.