ஜெர்மனியின் ஏஞ்சலிக் கெர்பர் 28 வயதில் திடீரென்று உலக டென்னிஸின் முதலிடத்துக்கு வந்தது எப்படி?

திடீரென்று என்று சொல்லிவிட முடியாது. 2003-லேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்துவிட்டார். 2011 அமெரிக்க ஓப்பனில் 92-ஆம் இடத்தில் இருந்துகொண்டே அரையிறுதி வரை போனார்.

2016-இல்தான் திருப்பம். ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்றிலேயே ஜப்பானின் மிசாகி டோய்க்கு மேட்ச் பாயின்ட் (இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலை) கிடைத்தது; அதிலிருந்து தப்பினார். அங்கே தோற்றிருந்தால் கதையே வேறு! இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் செரீனா வில்லியம்ஸை 6-4, 3-6, 6-4 என வீழ்த்தினார். அப்புறம் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி, அமெரிக்க ஓப்பன் பட்டம், முதலிடம்.

சர்வீஸ் சுமார்தான். பலமெல்லாம் கால்களில். எதிராளி ஓங்கி அடித்த பந்தை, முழங்கால் தரையை உரசுமளவு தாழ்ந்து, அந்த வேகத்தை வைத்தே கோட்டோரமாகத் திருப்பிவிடுவார். இத்தனைக்கும் இயல்பில் வலது கைக்காரர். ஆடியது இடது கையால்.

2018-இல் விம்பிள்டனும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஓய்வு பெற்றார்.