நியூக்கிளியனுக்கு பீட்டா −1 தான் சரியான ஓட்டமா?

கேள்வி சுருக்கமாக: பேராதனையில் இறுதியாண்டுச் செயற்றிட்டம், கியூசிடி (குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையின் கோட்பாடு) கூட்டு விதியால், அதாவது வெற்றிடத்தின் சில அளவுகளிலிருந்து துகளின் திணிவை மதிப்பிடும் முறையால், புரோத்தனின் திணிவு. எந்த ஓட்டத்தை (புரோத்தனை உண்டாக்கும் மூன்று குவார்க் புலங்களின் சேர்க்கையை) எடுப்பது, அதிலுள்ள பீட்டா என்ற எண்ணை −1 என்று வைப்பதா? அட்டன் வீட்டில் இருப்பது ஒரு பழைய மடிக்கணினி மட்டும்.

மடிக்கணினி தாராளம். வெளி-நேரத்தைப் புள்ளிகளாகப் பிரித்துச் செய்யும் லற்றிஸ் கணிப்புக்குத்தான் மீகணினி வேண்டும்.

முதலில் எத்தனை ஓட்டங்கள் உண்டு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு யூ குவார்க்குகளைச் சோடி சேர்க்கும்போது அவற்றின் நிறங்களை இணைக்கும் எப்சிலோன் எதிர்ச்சமச்சீர்: நிறங்கள் இடம் மாறினால் குறி மாறும். புலங்கள் இடம் மாறினாலும் குறி மாறும். ஆகவே நடுவிலுள்ள தாயம் சமச்சீராக இருந்தால்தான் ஏதும் மிஞ்சும். டிராக் தாயங்களில் சி-காமாமியூ, சி-சிக்மாமியூநியூ இரண்டும் தப்பும் (சி என்பது மின்னேற்ற இணைத் தாயம்). சி, சி-காமா5, சி-காமாமியூ-காமா5 மூன்றும் பூச்சியம். வகையீடு இல்லாத ஓட்டங்கள் இந்த இரண்டே. பியர்ஸ் மாற்றம் (குவார்க்குகளை வேறு சோடிகளாக்கி எழுதுவது) செய்தால் இவையே (யூ சி காமா5 டீ)யூ, (யூ சி டீ)காமா5 யூ என்பவற்றின் சேர்க்கைகளாகும். பின்னதன் குணகம்தான் பீட்டா. −1 என்றால் பௌதிகவியலாளர் அயோஃபே 1981இல் எடுத்த ஓட்டம். +1 என்றால் சிக்மா ஓட்டம்.

இனித்தான் முக்கியமான இடம். தொடர்புச் சார்பில் (ஓட்டம் ஓரிடத்தில் உண்டாக்கியது இன்னோரிடத்தில் அழிவதன் வீச்சில்) இரண்டு பகுதிகள் உண்டு. உந்தம் காமாவோடு வரும் பகுதியில் முதல் உறுப்பு 5 + 2பீட்டா + 5பீட்டா². இது ஒருபோதும் பூச்சியமாகாது. இரண்டாவதான அலகுத் தாயப் பகுதியில் குவார்க் கண்டன்சேட்டின் (வெற்றிடத்தில் நிறைந்துள்ள குவார்க்-எதிர்க்குவார்க் சோடிகளின் அளவின்) குணகம் 7 − 2பீட்டா − 5பீட்டா², அதாவது (1 − பீட்டா)(7 + 5பீட்டா). பீட்டா 1 ஆனாலும் −1.4 ஆனாலும் அது அழிந்துவிடும். திணிவைத் தர வேண்டிய உறுப்பே இல்லாத ஓட்டத்தில் திணிவைத் தேட முடியாது. −1இல் இவ்விரு குணகங்களும் முறையே 8, 4. குளுவனும் சேர்ந்த கலப்புக் கண்டன்சேட்டும் இரண்டாம் பகுதியிலிருந்து விலகுகிறது. குவார்க் கண்டன்சேட்டை −(0.24 ஜிகா இலத்திரன்வோல்ட்)³ என்று வைத்தால் அயோஃபேயின் எளிய சூத்திரம் 1.03 ஜிகா இலத்திரன்வோல்ட் தரும்.

லற்றிஸ்காரர் பீட்டா 0 எடுக்கிறார்களே என்று தயங்க வேண்டாம். அவர்கள் நீண்ட நேரம் காத்திருந்து கிளர்ந்த நிலைகளைத் தேய விடலாம். நமக்குக் கிடைப்பது போரெல் திணிவு (கிளர்ந்த நிலைகளை எவ்வளவு அடக்குவது என்று தீர்மானிக்கும் அளவு) வர்க்கம் 1 ஜிகா இலத்திரன்வோல்ட்²ஐ அண்டிய ஒரு சிறு சாளரம்தான்.

பீட்டாவை டான் தீற்றா என்று எழுதி, கோஸ் தீற்றாவை −1 முதல் 1 வரை நகர்த்துங்கள். சாளரத்தின் கீழெல்லையில் கண்டன்சேட் தொடரின் மிக உயர்ந்த பரிமாண உறுப்பு 10 சதவீதத்துக்குள், மேலெல்லையில் தொடர்ச்சிப் பகுதி (கிளர்ந்த நிலைகளின் பங்கு) 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அந்தத் தொடர்ச்சி ஆரம்பிக்கும் வாசலை 2.3 ஜிகா இலத்திரன்வோல்ட்² அளவில் தொடங்கலாம். ஓட்டத்துக்கும் புரோத்தனுக்கும் இடையிலான பிணைப்பின் வர்க்கம் நேர்ப் பெறுமானமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு புள்ளியிலும் பாருங்கள். அது பூச்சியத்தைத் தொடும் இடத்தருகே திணிவு விகிதம் தாறுமாறாகும், சிலவேளை பொய்யான சமதளமும் காட்டும். புரோத்தனின் அளந்த திணிவான 0.938 வரும்வரை பீட்டாவைத் திருகுவது பெரும் பிழை: அது விடையை முதலே உள்ளே போடுவது.

தேயிலைச் சல்லடையில் வேறு தரத் தூளும் கூடவே விழுவதுபோல, இந்த ஓட்டத்தில் எதிர்ச் சோடித்தன்மையுள்ள (கண்ணாடிப் பிம்பத்தில் குறி எதிராகும்) 1535 மெகா இலத்திரன்வோல்ட் நிலையும் வரும். முதல் பகுதியில் அது கூடும், இரண்டாவதில் கழியும். இரு பகுதிகளும் வெவ்வேறு திணிவு சொன்னால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சுழற்சி 3/2 உள்ள டெல்டா துகளுக்கு ஒரே ஓட்டம், பீட்டா இல்லை. தொடர்புச் சார்பில் ஜீமியூநியூ (வெளி-நேர அளவைத் தாயம்) உள்ள உறுப்பை மட்டும் எடுங்கள். மற்றவற்றில் சுழற்சி 1/2 கலந்திருக்கும்.