கேளுங்கள் அக்கா: ஆன்லைனில் ஆரி வகுப்பு

கேள்வி: அக்கா, வீட்டில் ஆரி ஒர்க் (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) சொல்லித் தருகிறேன். வெளியூர்ப் பெண்கள் கேட்கிறார்களே என்று ஆன்லைன் வகுப்புக்காக 20 வீடியோ எடுத்து வைத்தேன். அதைப் பார்த்துப் போட்ட என் நாத்தனாருக்குச் சங்கிலித் தையலே வரவில்லை. எங்கே கோளாறு?
- வாசகி, பவானி

பதில்: நாத்தனாரைக் குறை சொல்லாதீர்கள் தங்கச்சி. ஆரியில் பாதி வேலை துணிக்கு அடியில் நடக்கிறது. மேலே வலது கை ஊசியைக் குத்தும்போது, கீழே இடது கைதான் நூலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. நேரில் வருகிறவள் குனிந்து பார்த்துக்கொள்வாள். வீடியோவில் பார்ப்பவள் என்ன செய்வாள்? முதல் பாடத்துக்கு ஃபிரேமில் நெட் துணியைக் கட்டுங்கள். நல்ல சிவப்பில் தடித்த நூல் எடுங்கள். நூலை எந்த விரலில் பிடிக்கிறீர்கள், ஊசியை எப்படித் திருப்பி இழுக்கிறீர்கள் என்பதெல்லாம் துணி வழியாகவே தெரியும். போனை எதிரில் வைத்தால் இடம் வலம் குழம்பும், அதனால் உங்கள் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். விளக்கு இடப்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கை நிழல் தையல் மேலேயே விழும்.

மற்ற வீடியோக்களைத் தூக்கிப் போட வேண்டாம். வகுப்பு முடியும்போது அவள் எதைப் போட்டு முடித்திருக்க வேண்டும்? ஒரு பிளவுஸ் கழுத்து என்றால், அதற்கு வேண்டிய தையல்கள் மட்டும் போதும். மீதி அடுத்த வகுப்புக்கு.

வீட்டுப்பாடத்தில்தான் நான் ரொம்பக் கண்டிப்பு. வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்கும்போது துணியின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மேலே சங்கிலி பார்க்க நன்றாக இருந்தாலும், அடியில் நூல் தொளதொளவென்று கிடந்தால் இடது கை இறுக்கிப் பிடிக்கவில்லை. அதை ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜில் சொல்லுங்கள். அவர்கள் பணம் கட்டுவது இதற்குத்தான், வெறும் வீடியோ யூடியூபில் சும்மாவே கிடைக்கிறது. முதல் பேட்சில் 10 பேருக்கு மேல் சேர்த்தால் இப்படித் திருத்தித் தர உங்களால் முடியாது.

கேள்வி: ஜூம் இலவசக் கணக்கு போதுமா? ஒரு வீடியோ எவ்வளவு நேரம் இருக்கலாம்?
- வாசகி, தென்காசி

பதில்: இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் மீட்டிங் முடிந்துவிடும். சந்தேகம் கேட்க அது தாராளம். பாடத்தை மட்டும் பதிவு செய்து கொடுங்கள், தையலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் வகுப்புகளை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக 6 நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை. எனவே ஒரு வீடியோவுக்கு ஒரு தையல். நடுவில் நூல் அறுந்தால் எப்படித் தொடர்வது என்று ஒரு சின்ன வீடியோ தனியாகப் போட்டுவிடுங்கள். ராத்திரி நேரத்தில் வரும் போன் பெரும்பாலும் அதற்காகத்தான்.